முறை வண்டி

நிலத்தைப் பிரித்தோம், மாடுகளைப் பிரித்தோம், பித்தளை அண்டாக்களைக்கூட எண்ணிப் பிரித்தோம். கடைசியில் பிரிக்க முடியாமல் நின்றது கார் ஒன்றுதான். அப்பா வாங்கி, அப்பா ஓட்டி, அப்பாவோடு சேர்ந்து வயதான வண்டி. உருண்டை முன்விளக்கு, சோபா மாதிரி இருக்கை, கதவைச் சாத்தினால் தெருக்கோடி வரை கேட்கும் சத்தம். விற்றுக் காசைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அண்ணனும் முடியாது என்றார், நானும் முடியாது என்றேன். அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு இருந்தால் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மூன்று நாள் ஒருவருக்கு, மூன்று நாள் அடுத்தவருக்கு. காருக்கும் அதேபோல முறை வைத்துவிட்டார்கள். தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து ஆடிப்பெருக்கு வரை எனக்கு, அதற்கப்புறம் தை வரை அண்ணனுக்கு. முறை முடிந்தவர் வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து அடுத்தவர் வாசலில் விட வேண்டும், ஒரு டீ குடிக்க வேண்டும், திரும்பிப் போக வேண்டும்.

கிணற்று முறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. தன் முறை நாளில் சாப்பிட வீட்டுக்குப் போனால்கூட மோட்டார் கொட்டகையிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டுதான் போவார்கள். விட்டுவிட்டுப் போனால் பங்காளி மோட்டாரைப் போட்டுவிடுவான் என்ற சந்தேகம். எங்களுக்கும் அப்படி ஒரு பொதுக் கிணறு இருந்தது. ஒருமுறை நான் ஃபியூஸ் கட்டையை மடியில் வைத்துக்கொண்டே உளுந்தூர்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டேன். அதற்குள் அண்ணன் முறை வந்து, அவருடைய நாற்று காய்ந்துபோனது. மறந்துதான் போனேன். அண்ணன் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அந்தச் சண்டையில்தான் அவர் தன் பங்கு நிலத்தை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் அண்ணி வழியில் வந்த நிலத்துக்குக் குடிபோனார்.

அதன்பிறகு நான் அவர் வீட்டுப் படி ஏறுவதும் அவர் என் வீட்டுப் படி ஏறுவதும் வருஷத்துக்கு இரண்டு தடவை, காருக்காக மட்டும்தான். ஒரு டீ, கால் மணி நேரம். மழை பெய்ததா, மரவள்ளி எப்படி, பிள்ளைகள் போன் பண்ணினார்களா. அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் ஏங்கினேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது நானே சொல்கிறேன், ஏங்கினேன்.

என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு கரும்பு ஆலையில் எடை மேடைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கரும்பு டிராக்டர் உள்ளே வந்தால் மற்றவர்கள் கரும்பைப் பார்ப்பார்கள். நான் கரும்புக்கு அடியில் கல் இருக்கிறதா, ஈர மண் இருக்கிறதா, டிரைவர் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பேன். வேலை போன பிறகும் அந்தக் கண் போகவில்லை. காய்கறிக் கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் தடவிப் பார்ப்பேன். "உங்கள நீங்களே நம்ப மாட்டீங்க" என்பாள் என் மனைவி. காருக்கு நான் வாங்கிப் போடும் ஒவ்வொரு உறுப்பின் அடியிலும் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைப்பேன். நாளைக்கு யாரும் மாற்றிவிட்டு இல்லை என்று சொல்ல முடியாதல்லவா. அண்ணனுக்கும் அந்தக் கீறல் தெரியும்.

போன வருஷம் தையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது அண்ணன் ஒரு குறை சொன்னார். "காயில் ரொம்ப சூடாவுதுடா. பழசாயிடுச்சி. மாத்திடு" என்றார். காயில் என்பது பேட்டரியின் சின்ன கரண்டைப் பெரிய கரண்டாக்கி பிளக்குக்கு அனுப்புகிற டப்பா. அது செத்தால் பொறி கிடையாது, பொறி இல்லாவிட்டால் வண்டி வெறும் தகரம். நான் சேலம் போய்ப் புதுக் காயில் வாங்கிவந்து நானே மாட்டினேன். வண்டி பழைய நோயெல்லாம் மறந்து ஓடியது.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவும்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வாங்கினது நான், சேலம் வரை அலைந்தது நான், ஆறு மாதம் சொகுசாக ஓட்டப் போவது அவரா? ஸ்க்ரூ இரண்டுதான். புதுக் காயிலைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டேன். என் ஆணிக் கீறல் இருந்த பழைய காயிலையே திரும்ப மாட்டினேன். மறுநாள் அண்ணன் வீட்டு வாசலில் டீ குடிக்கும்போது அவர் கேட்டார், "காயில் மாத்தினியாடா?" "மாத்திட்டேண்ணா. சேலத்துல புதுசு வாங்கிப் போட்டேன். இனிமே பயமே இல்ல" என்றேன். கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எடை மேடையில் எத்தனையோ பேர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்தார். சத்தமில்லாமல் வந்து நின்றது. டீயை ஆற்றிக் குடித்தார். எழுந்திருக்கும்போது, "வண்டி நல்லா கீதுடா. ஒன்னும் கொறை இல்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஒன்றும் குறை இல்லையா? அந்தக் காயிலை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினாரா? அந்த ஒரு வார்த்தை எனக்குள் உறுத்த ஆரம்பித்தது. வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு பானெட்டைத் திறந்தேன். உள்ளே இருந்தது என் பழைய காயில் இல்லை. பளபளவென்று புதுசு ஒன்று.

இதைப் பார்த்துவிட்டு வேறு மனுஷனாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான். எனக்கு சந்தேகம்தான் அதிகமானது. சும்மா எவனாவது புதுக் காயில் போட்டுக் கொடுப்பானா? இதைக் கொடுத்துவிட்டு வேறு எதையோ எடுத்திருக்க வேண்டும். எதை?

"அவர் இன்னும் பஸ்ஸு ஏறியிருக்க மாட்டாரு. அதுக்குள்ள தொறந்துட்டீங்களா?" என்று என் மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"நீ போய் வேலையப் பாரு" என்றேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். அதற்குள்தான் பிளாட்டினம் என்று எங்கள் ஊர் மெக்கானிக்குகள் சொல்லும் உறுப்பு இருக்கிறது. அது திறந்து திறந்து மூடி கரண்டை விட்டு விட்டுத் தருவதால்தான் காயிலில் பொறி பிறக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கிப் போட்டது, அடியில் என் கீறல் இருக்க வேண்டும். அடியைப் பார்க்க வேண்டுமானால் கழற்றித்தான் ஆக வேண்டும். சின்ன நட்டைத் தளர்த்தி, இரண்டு ஒயர்களையும் எடுத்து, பிளாஸ்டிக் வாசரை உருவி, பிளாட்டினத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை. மாற்றியிருக்கிறார்! எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. பிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி மூடியை அழுத்தினேன். மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பத்து தடவை திருப்பினேன். ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது, ஆகவே பேட்டரி சரி. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தது. பிளக் ஒயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். பொறி இல்லை. காயிலிலிருந்து வரும் நடு ஒயரையே பிடித்துப் பார்த்தேன். அதிலும் இல்லை.

அப்போது எனக்கு என் பத்து நிமிஷம் ஞாபகம் வரவே இல்லை. நான் பார்த்தேன், அவ்வளவுதானே. பார்ப்பவன் கெடுக்க மாட்டான், கெடுப்பவனைப் பிடிப்பவன் அவன் என்பது முப்பது வருஷப் பழக்கம். அங்கேயே நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாண்ணா, வண்டியில இன்னாத்த மாத்தின?"

"ஏன்டா, இன்னா ஆச்சி?"

"பொறியே வரல. நேத்து உங்கையில ஓடினது இன்னைக்கி எங்கையில ஓடல. அது எப்பிடி? பிளாட்டினம் நான் போட்டது இல்ல, காயில் நான் போட்டது இல்ல. இன்னும் இன்னான்னா கயட்டிக்கினு போனியோ, நீயே சொல்லிடு."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. அண்ணி என்று தெரிந்தது. அப்புறம் அண்ணன் மெதுவாக, "மெக்கானிக்க இட்டாந்து காட்டுடா. பாத்துட்டு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

"பாத்தியா, இல்லன்னு சொல்லல" என்றேன் மனைவியிடம்.

"ஆமான்னும் சொல்லலியே" என்றாள் அவள்.

கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கும் ஜீப்புகளைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர், அதிர்ந்து பேச மாட்டார். ஒன்பது மணிக்கு பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு பையும், இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன பல்பும். கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்தால் அந்த பல்பு எரியும். அவருடைய டாக்டர் குழாய் அதுதான்.

பானெட்டுக்குள் குனிவதற்கு முன்னாலேயே கேட்டார். "யாருனா கயட்டினாங்களா சார்?"

"எங்க அண்ணன்தான் ஆறு மாசமா வச்சிருந்தாரு."

"அது இல்ல சார். நேத்து ஓடிச்சின்னு சொன்னீங்களே, அதுக்கு அப்புறம்?"

"யாரும் கை வெக்கல" என்றேன்.

டீ கொண்டுவந்த மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஏன் பொய் சொன்னேன் என்றால், ஆமாம் என்று சொல்லியிருந்தால் எதற்காகக் கழற்றினீர்கள் என்று அவர் கேட்டிருப்பார். அண்ணன் போன கால் மணி நேரத்துக்குள்ளேயே, அவர் எதைத் திருடினார் என்று பார்க்கக் கழற்றினேன் என்று ஒரு வெளி மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அதனால் அவரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமே போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். "அதுக்குள்ள எல்லாம் புதுசு, அங்க ஒன்னும் இருக்காது. காயிலப் பாருங்க, அதுதான் டூப்ளிகேட்டா இருக்கும்" என்றேன்.

அவரும் நான் சொன்னதைக் கேட்டுக் காயிலைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார், ஒயரைச் சுரண்டிப் பார்த்தார், பையிலிருந்த வேறு ஒரு காயிலை மாட்டிப் பார்த்தார். பொறி இல்லை. சாவி சுவிட்சைக் கழற்றினார், ஒயரை நூல் பிடித்து வந்தார். அதிலும் ஒன்றுமில்லை. மணி பதினொன்றாகிவிட்டது. வண்டியில் இருந்த காயிலையே மறுபடி பூட்டும்போது, "நல்ல காயில் சார் இது. நாந்தான் போட்டேன், எனக்குத் தெரியாதா" என்றார்.

"நீங்களா?"

"ஐப்பசியில சார். அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு, ஸ்க்ரூவை முடுக்கியபடியே சொல்லிக்கொண்டு போனார். "அண்ணனும் அண்ணியும் சாமை வெத வாங்க வெள்ளிமலைக்குப் போய்க்கினு இருந்தாங்க. நல்ல மழ. பாதி மல ஏறினதும் வண்டி நின்னுபோச்சி, கொண்டை ஊசி வளைவுல. போன் எடுக்கல. சிக்னல் கெடைக்கற எடம் வரைக்கும் ரெண்டு பேரும் நனைஞ்சிக்கினே எறங்கி நடந்தாங்க. அந்தம்மா தனியா வண்டியில இருக்க மாட்டேன்னுடுச்சாம். நா ஜீப்பு எடுத்துக்கினு போய்ப் பாக்கறப்ப ரோட்டோரம் ஒக்காந்துக்கினு ஒடம்பெல்லாம் ஒதறுது. அப்புறம் சளி நெஞ்சில எறங்கி, ஒரு வாரம் ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க. இன்னும் அந்த இருமல் போவல போல."

அவர் ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"கயட்டிப் பாத்தா காயில் செத்துப்போயி கெடக்கு. ரொம்பப் பழசு. அண்ணன் அத வாங்கித் திருப்பிப் பாத்தாரு. அடியில ஆணியால கீறின மாதிரி ஒன்னு இருந்திச்சி, துருப் பிடிச்ச பழைய கீறல். கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கினு நின்னாரு. இன்னாங்கன்னேன். எந்தம்பி புதுசு போட்டுக் குடுத்தான், அந்த தைரியத்துலதான் மல ஏறினேன், சேலத்துக் கடக்காரன் பாவம் அவன ஏமாத்திட்டாம் போல, பழசத் தொடச்சி புதுசுன்னு குடுத்துட்டான்னாரு. அந்தம்மா ஒதறிக்கினே அந்தக் கடக்காரனத் திட்டினாங்க பாருங்க, எனக்கே சிரிப்பு வந்துடுச்சி. அன்னைக்கே காயிலும் பிளாட்டினமும் புதுசு போட்டேன். எந்தம்பி முறை வரும்போது வண்டி நல்லா இருக்கணும்னாரு."

அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்குத் தெரியும். ஐப்பசியிலிருந்தே தெரியும். தெரிந்தும் என் வாசலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, ஒன்றும் குறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவரைத்தான் காலையில் போனில் என்ன கழற்றினாய் என்று கேட்டேன். இத்தனைக்கும், என் புத்தியைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் ஒரு மூலையில் சந்தேகம் ஓடியது. இவரை அண்ணன்தான் இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பாரோ?

மெக்கானிக் பல்பின் ஒரு ஒயரை இரும்பில் மாட்டிவிட்டு, இன்னொன்றைக் காயிலின் சாவிப் பக்கத்துக் கம்பியில் வைத்தார். பல்பு எரிந்தது. அடுத்த பக்கத்தில், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரில் வைத்தார். எரியவில்லை. என் மனைவியை இன்ஜின் சுற்றச் சொன்னார். பிளாட்டினம் திறந்து மூடும்போது பல்பு மினுக்கு மினுக்கென்று எரிந்து அணைய வேண்டும் என்றார். அது எரியவே இல்லை. மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டுக் காயிலில் மட்டும் வைத்தார். உடனே எரிந்தது.

"கரண்டு காயில் வரைக்கும் வருது சார். அந்தாண்ட டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள போனதும் நேரா பாடியில எறங்கிடுது. உள்ளதான் எங்கியோ முட்டுது" என்று சொல்லி, என்னைக் கேட்காமலேயே மூடியைத் திறந்தார்.

குனிந்து பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"பிளாஸ்டிக் வாசர் அடியில போயிடுச்சி சார். ஒயரு ரெண்டும் அதுக்கு மேல, இரும்பத் தொடாம ஒக்காரணும். இப்ப இரும்பு மேலயே ஒக்காந்துக்கினு கீது. இத யாரோ பிரிச்சி, திருப்பி மாட்டிக்கிறாங்க. நட்டுல ஸ்பேனர் பட்ட எடம் பளபளன்னு கீது பாருங்க. நேத்துப் பட்டது."

கொட்டகையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

அவர் வாசரை எடுத்து, துடைத்து, சரியான வரிசையில் போட்டார். ஒயர்களை வைத்து நட்டை முடுக்கினார். நடு ஒயரை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தார். மனைவி சாவியைத் திருப்பினாள். நீலப் பொறி சட சடவென்று பாய்ந்தது. இரண்டு மணி நேரத்துச் சிக்கல் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. காலையில் அவர் முதல் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்பதே காலுக்கே முடிந்திருக்கும்.

"அண்ணன் கேட்டா பழைய வண்டி, வாசர் அதுவா நவுந்துடுச்சின்னு சொல்லிடறேன் சார்" என்றார் பையைக் கட்டியபடி. நல்ல மனுஷன்.

"அதுவாவா நவுந்துச்சி?" என்று கேட்டுவிட்டு என் மனைவி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். கச்சிராயபாளையம் வரை ரோடு நன்றாக இருந்தது, வண்டி அதைவிட நன்றாக ஓடியது. எதிரே மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த மலையில் எந்த வளைவில் நின்றிருப்பார்கள் என்று என்னை அறியாமல் தேடினேன். என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். மெக்கானிக் சொன்ன பொய்யை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. போனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாசர் நகர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும்.

முறை இல்லாத நாளில் வண்டிச் சத்தம் கேட்டு அண்ணி வெளியே வந்தார். களத்தில் மரவள்ளிச் சீவல் காய்ந்துகொண்டிருந்தது. ஆறு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"வாங்க தம்பி. வண்டி செரியாயிடுச்சா? காலையில நீங்க போன் பண்ணதுல இருந்து உங்க அண்ணன் ஒரு வாய் சாப்பிடல" என்றார் அண்ணி. போனில் நான் கத்தியது அண்ணனுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது என்று புரிந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஏமாளிங்க. அந்த சேலத்துக் கடக்காரன் உங்கள ஏமாத்தின மாதிரி இன்னும் எவன் எவன் ஏமாத்தறானோ. நா அன்னைக்கி மழையில நடந்து வரும்போது உங்க அண்ணங்கிட்ட சொன்னேன், பாவம் தம்பி, காசு குடுத்து நமக்காக புதுசுன்னு நம்பிப் போட்டு அனுப்பிக்கிதேன்னு." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். முடிந்ததும் சிரித்தார். "இருங்க, டீ போடறேன்."

அந்தச் சிரிப்பை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அண்ணி, கடக்காரன் ஏமாத்தல" என்றேன். "புதுக் காயில் எங்க வூட்டுப் பரண்ல கீது. கயட்டி வச்சிக்கினது நாந்தான். பழச மாட்டி அனுப்பினதும் நாந்தான். இன்னைக்கி வண்டி நின்னதுக்கும் அண்ணன் காரணம் இல்ல. அவரு இன்னா எடுத்தாருன்னு பாக்க நான் பிரிச்சேன், தப்பா மாட்டிட்டேன். போன்ல அவரத்தான் திருடன்னு சொன்னேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். அவர் முகத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டும்.

"உனக்குத் தெரியுமா?" என்று அவரைத்தான் கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். இருமல் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ் போடுவது கேட்டது.

அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டி வரை நடந்து வந்தார். நான் அவர் பின்னால் வந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அந்த வயதிலும் அடி வாங்கத் தயாராக இருந்தேன்.

"இத ஏன்டா சொன்ன?" என்றார்.

"மனசு கேக்கலண்ணா."

"மூணு மாசமா நா இத எதுக்கு மூடி வச்சிக்கினு இருந்தேன்? எனக்கு உம்மேல கோவம் இல்லன்னா நெனச்ச? ஆஸ்பத்திரில அவ மூச்சு விட முடியாம கெடந்தப்ப, அந்தக் காயில எடுத்தாந்து உம்மூஞ்சில அடிக்கணும்னுதான் இருந்திச்சி. ஆனா அவளுக்கு நீன்னா இஷ்டம்டா. கெணத்துச் சண்ட நடந்தப்பவும் தம்பி மறந்துதான் போயிருக்கும்னு சொன்னவ அவ ஒருத்திதான். அவ வாசல்ல நிக்கற வரைக்கும் நீ இந்த வூட்டுக்கு வரலாம். அதுக்குத்தான் வாய மூடிக்கினு இருந்தேன்."

"நா உள்ள போய் அண்ணி கால்ல உழுவறேண்ணா" என்றேன்.

"வேணாம். கதவத் தொறக்க மாட்டா. எனக்குத் தெரியும்."

கார்க் கதவைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஆடிக்கு வண்டிய இங்க எடுத்தாராத" என்றார். "கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டாண்ட நில்லு. நா வந்து வாங்கிக்கறேன்."